ராஜி அக்காவின் அடிக்காணி

ராஜி அக்கா இறந்துபோனதை, வழக்கமான ஒரு செய்தியில் ஒரு சொல் மாறியிருந்ததை வைத்துத்தான் அறிந்துகொண்டேன். காலை எட்டு மணி இருக்கும். ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் நிலக்கீழ் ரயிலில் ஏறி உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். நாங்கள் இருவரும் மொழிபெயர்ப்பாளர்களாகப் பதிந்திருந்த முகவர் நிலையம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தது. ஐந்து மாதங்களாக அவர்கள் கேட்டுவந்தது ஒரே கேள்விதான்: ராஜேஸ்வரியின் செவ்வாய்க்கிழமை வேலைகளை இந்த வாரம் நீங்கள் எடுக்க முடியுமா? அன்று ‘இந்த வாரம்’ என்ற சொற்கள் இல்லை. அவை இருந்த இடத்தில் ‘நிரந்தரமாக’ என்று இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடைமேடை வாங்கில் உட்கார்ந்தேன். மூன்று ரயில்கள் வந்துபோயின. அதன் பிறகுதான் கனடாவிலிருந்து அவருடைய தம்பி அழைத்தார். எனக்குச் செய்தி தெரிந்திராது என்று எண்ணி, மிகவும் மெதுவாகச் சொல்லத் தொடங்கினார்.

இதை வாசிக்கும் உங்களில் பலர் ராஜி அக்காவை நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் அவரைக் கேட்டிருப்பீர்கள். ஒஸ்லோவில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக வைத்தியசாலைகளிலும் பாடசாலைக் கூட்டங்களிலும் நலத்துறை அலுவலகங்களிலும் மேசை நடுவில் வைக்கப்பட்ட தொலைபேசியிலிருந்து வந்த அந்தச் சற்றுக் கரகரத்த குரல் அவருடையது. நம் சனம் ‘தொல்க் அக்கா’, மொழிபெயர்ப்பாளர் அக்கா, என்று சொன்னது அவரைத்தான். உங்கள் வீடுகளில் நடந்த மிகக் கெட்ட நாட்களில் அவர் கூட இருந்திருக்கிறார், அவற்றில் ஒன்றைக்கூட வெளியே கொண்டுபோனதில்லை. நானும் அதே தொழிலில் இருப்பவள், பிறர் கதையை எழுதிப் பழக்கமில்லாதவள். இந்தக் கதையில் பின்னால் வரும் ஆர்லீன் என்ற பெண்ணிடம் கேட்டு, அவர் எழுதச் சொன்ன பிறகே எழுதுகிறேன்.

அவருடைய குரலை நான் முதலில் கேட்டது என் அப்பாவின் வைத்தியரின் அறையில். அப்பாவுக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. மகள் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. நான் சும்மா பக்கத்தில் இருந்தேன். வைத்தியர் எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் அப்பா தலையை ஆட்டி, “சரி டொக்டர், பாப்பம்” என்றார். தொலைபேசி அதை நோர்வேஜிய மொழியில் அப்படியே சொன்னது. வைத்தியர் பேனாவை எடுத்துப் படிவத்தில் குனிந்தார். அப்போது அந்தக் குரல், தன்னை மூன்றாம் ஆளாக வைத்து, “மொழிபெயர்ப்பாளர் ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறார். இவர் சொன்ன சொற்கள் சம்மதம் அல்ல. பெரும்பாலும் மறுப்பு. தயவுசெய்து திரும்பக் கேளுங்கள்” என்றது. வைத்தியர் திரும்பக் கேட்டார். அப்பா தனக்குப் பயமாக இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்னார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: “ஆர் இந்த மனிசி? என்ரை வயித்துக்குள்ளை இருக்கிறதையும் சேர்த்தெல்லோ சொல்லுது.”

நானும் அந்தத் தொழிலுக்கே வருவேன் என்று அப்போது நினைக்கவில்லை. வந்தபோது ராஜி அக்கா எனக்கு ஒன்றும் கற்றுத்தரவில்லை. நாங்கள் சண்டைபிடித்தோம். சொற்களுக்காகவே சண்டை. நான் எழுதிய சொற்பட்டியல்களைப் பார்த்து, இவற்றைக் கேட்டு ஒரு நோயாளியும் வாய் திறக்கமாட்டார் என்பார். அவருடைய சொற்கள் கொச்சையானவை என்று நான் சொல்வேன். “உமக்கு வடிவு வேணும், எனக்கு விளங்க வேணும்” என்பார். ஒரு சொல்லில் இருவரும் ஒத்துப்போய்விட்டால் அவருக்குச் சப்பென்று ஆகிவிடும்.

எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் ஆர்னே என்ற நோர்வேக்காரரோடு வாழ்ந்தார். பிள்ளைகள் இல்லை. ‘வெள்ளைக்காரனைக் கட்டினவ’ என்று நம் சனம் பின்னால் சொன்னதை அவர் அறிவார். ஆர்னே ரயில் தண்டவாளம் பழுதுபார்க்கும் பகுதியில் வேலை செய்தவர், அதிகம் பேசாதவர். கோவில் திருவிழாவில் எல்லோருக்கும் முன்பே வந்து செருப்புகளை வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு வெளியே நிற்பார். ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது அவர் சொன்ன ஒரு விஷயத்தை நான் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன். அமெரிக்காவில் தனக்கு ஒரு நிலம் இருக்கிறது, ஆனால் அதில் நிற்க முடியாது, அது இருட்டுக்குள் இருக்கிறது என்றார்.

அது பகிடி இல்லை. ஆர்னேயின் பாட்டனாரின் தம்பி ஒருவர் வறுமையில் கப்பலேறிப் போய் வட டகோட்டாவில் காணி எடுத்துக் கோதுமை விதைத்தவர். கெட்ட வருடங்களில் அந்தக் காணியை அயலவர் ஒருவருக்கு விற்றிருக்கிறார். விற்கும்போது மேல் நிலத்தை மட்டும் விற்று, நிலத்துக்குக் கீழே இருப்பதைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார். அங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கீழே என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. அவருக்குப் பிள்ளைகள் இல்லாததால் அந்தக் கீழ்ப்பகுதி ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகி, ஆர்னேயிடம் ஒரு பங்காக நின்றது. பிறகு ஆர்னே இறந்தார். தண்டவாளத்து மனிதர் தூக்கத்தில் போனார். பங்கு ராஜி அக்காவுக்கு வந்தது.

அந்தக் கீழ்ப்பகுதியில், மிக ஆழத்தில், ஷேல் என்னும் ஏடு ஏடான பாறை இருக்கிறது. பாறைக்குள் எண்ணெயும் எரிவாயுவும் அடைபட்டிருக்கின்றன. நேர்கீழாகத் துளைத்து, பிறகு பக்கவாட்டில் திருப்பித் துளைத்து, தண்ணீரும் மணலும் பாய்ச்சிப் பாறையை உடைத்தால் அவை வெளியே வரும். அதற்குக் கீழ்ப்பகுதியின் சொந்தக்காரர்கள் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். மேலே வீடு கட்டி வாழ்பவரின் விருப்பம் அதில் பெரிதாகக் கணக்கில் வராது.

இதை ஒஸ்லோவில் ஒரு சட்டத்தரணிக்கு விளக்க ராஜி அக்கா ஒரு மத்தியானம் முழுவதும் பாடுபட்டார். அந்த மனிதருக்கு எண்ணெய் என்றால் கடலில் இருப்பது, அரசாங்கத்தினுடையது. ஒரு தனி மனுஷி வேறொரு நாட்டில் இன்னொருத்தியின் சமையலறைக்குக் கீழே எண்ணெய் வைத்திருக்கலாம் என்பது அவருக்கு ஏறவேயில்லை. வெளியே வந்ததும் ராஜி அக்கா சிரித்தார். “துஷி, இது எங்கடை கிணத்துப் பங்கு மாதிரி. வளவு ஒருத்தற்றை, கிணத்திலை பங்கு வேறை ஒருத்தற்றை. உறுதிப் பத்திரத்திலை எழுதிக் கிடக்கும். இதிலை விளங்காமல் இருக்க என்ன இருக்கு?” ஆங்கிலத்தில் அதற்கு இருந்த நீண்ட சட்டப் பெயரை அவர் அன்றே ‘அடிக்காணி’ ஆக்கினார். நான் இன்னும் நல்ல சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

செய்தி பரவியதும் கோவில் சமையற்கட்டில் பகிடி தொடங்கியது. மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த ஒருவர், “என்ன ராஜி, அரபு ஷேக்காய்ப் போனீராம்?” என்று கேட்டார். ராஜி அக்கா கத்தியை வைக்காமலே, “ஓம் அண்ணை. ஒட்டகம் கட்ட இடம் தேடுறன். உங்கடை கராஜ் சும்மாதானே கிடக்கு?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியில் என்னிடம் வேறு மாதிரிச் சொன்னார். ஊரிலுள்ள தாய்வழிக் காணியின் உறுதி இங்கே அலுமாரியில் இருக்கிறது. காணிக்குள் இராணுவம் இருக்கிறது, கால் வைக்க முடியாது. “வேலிக்கு வெளியிலை உறுதியோடை நிண்டு பாத்தனான். இப்ப நான் வேறை ஒருத்தியின்ரை வேலிக்குள்ளை அவளுக்குக் கீழை நிக்கிறன். அவளுக்கு எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரத் தேவையில்லை.”

அந்த ஒருத்திதான் ஆர்லீன். அந்தக் காணியின் மேல் நிலத்தை வாங்கிய அயலவரின் வழியில் மருமகளாக வந்தவர், கணவரை இழந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். ஆர்னே ஒருமுறை தன் பாட்டனாரின் தம்பி உழுத மண்ணைப் பார்க்கப் போனபோது ஆர்லீன் வீட்டில் நான்கு நாட்கள் தங்கியிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு, மேட்டில் காற்றை மறிக்க நட்ட மரங்களின் வரிசை, கீழே குடிதண்ணீர்க் கிணறு. அந்த மேட்டில்தான் துளையிடும் தளத்தை அமைக்க எண்ணெய்க் கம்பனி விரும்பி, அதற்கு ஆர்லீனிடமும் ஒரு சம்மதக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. அடிக்காணியில் ஒரு பங்குக்காரராவது கையெழுத்து வைக்காமல் நின்றால் தளத்தை வேறு பக்கம் கொண்டுபோய்விடுவார்கள் என்பது ஆர்லீனின் நம்பிக்கை. ஆர்னே அந்தச் சாப்பாட்டு மேசையில் ஒரு வாக்குக் கொடுத்தார்: இது என்னிடம் இருக்கும் வரைக்கும் நான் கையெழுத்து வைக்க மாட்டேன். கம்பனியிடமிருந்து வருடக்கணக்கில் வந்த கடிதங்களை அவர் திறக்காமல் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் போட்டுவைத்திருந்தார். ராஜி அக்கா அந்தப் பெட்டியைக் காட்டி, “பங்கு மட்டும் வரேல்லை, அந்தாளின்ரை சொல்லும் சேர்ந்துதான் எனக்கு வந்திருக்கு” என்றார்.

இனி நான் எழுதப்போவதை எத்தனையோ தடவை எழுதி அழித்தேன்.

துரொண்ட்ஹெய்மில் ஒரு நீதிமன்ற வழக்குக்காக நாங்கள் இருவரும் போயிருந்தோம். நீண்ட விசாரணைகளுக்கு இருவர் மாறி மாறி மொழிபெயர்க்க வேண்டும். முடிந்து, ரயில் நிலையத்தில் கோப்பியோடு நின்றபோது அவருடைய தொலைபேசி அடித்தது. கம்பனிக்காகக் கையெழுத்துச் சேர்க்கும் மனிதர். நல்ல பண்பான குரல், எனக்கும் கேட்டது. ஆர்னேயின் மறைவுக்கு அனுதாபம் சொன்னார். பத்திரத்தை அனுப்பலாமா என்று கேட்டார். ரயில் வருவதாக ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது. ராஜி அக்கா ஒரு கையில் கோப்பியும் மறு கையில் பயணப் பெட்டியுமாக, தோளில் தொலைபேசியை இடுக்கிக்கொண்டு, ஆங்கிலத்தில், “ஓகே, ஓகே. வீ வில் சீ” என்று சொல்லி வைத்தார்.

சரி, சரி. பாப்பம்.

“என்னவாம்?” என்று கேட்டேன். “பத்திரம் அனுப்பப்போறாராம். பாப்பம் எண்டு சொல்லி விட்டிட்டன்” என்றார். நான் சிரித்தேன். யாழ்ப்பாணத்துக் காதுக்கு அதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை. பெண்பார்க்க வந்த வீட்டாரிடமும் கடன் கேட்டு வந்த சொந்தக்காரனிடமும் நாங்கள் முகம் முறிக்காமல் சொல்லும் ‘இல்லை’ அது. அவர் அந்த மனிதரின் முகத்தை முறிக்காமல் மறுத்துவிட்டார் என்று இரண்டு பேரும் நம்பினோம். என் அப்பாவின் உயிருக்காக வைத்தியரின் பேனாவை நிறுத்திய பெண் அவர். இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் அந்த நடைமேடையில் நின்றோம். ஒருத்திக்கும் உறைக்கவில்லை. நாங்கள் பிழைவிடாமல் காவல் காத்தது நோர்வேஜிய மொழிக்கும் தமிழுக்கும் இடையிலிருந்த வாசலை. ஆங்கிலத்தின் வாசலில் ஆளில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு பகலில் வெஸ்ட்லியில் என் வீட்டு மணி அடித்தது. ராஜி அக்கா மேலங்கியைக் கழற்றாமல் சமையலறைக்கு வந்து, ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். ஆர்லீன் கையால் எழுதியது. குற்றம் சாட்டும் கடிதம் அல்ல. நோர்வேயிலிருந்தும் ஓகே வந்துவிட்டது என்று கம்பனி மனிதர் வந்து சொன்னார், நீங்களும் சம்மதித்த பிறகு நான் மட்டும் தனியாக நிற்பதில் அர்த்தமில்லை என்று தோன்றியது, வீட்டுப் பின்மேட்டைத் தளத்துக்கும் பாதைக்கும் விடச் சம்மதித்துக் கையெழுத்து வைத்துவிட்டேன், உங்களுக்கும் உங்கள் காரணங்கள் இருக்கும், ஆர்னே நல்ல மனிதர் என்று எழுதியிருந்தார்.

“நான் எங்கை ஓம் சொன்னனான்?” என்று ராஜி அக்கா என்னிடம் கேட்டார். “நீர் பக்கத்திலை நிண்டனீர். சொல்லும். நான் ஓம் சொன்னனானோ?”

“இல்லை அக்கா. பாப்பம் எண்டுதான் சொன்னனீங்கள்.”

“அதுக்கு முதல்?”

‘சரி’ கடலைத் தாண்டி அந்த மேட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ‘பாப்பம்’ எங்கேயோ விழுந்துவிட்டது. அவர் மேலங்கியோடு கதிரையில் உட்கார்ந்து, தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். தேநீர் போட்டேன். அது ஆறிப்போனதும் கொட்டினேன்.

அடுத்த மாதங்கள் முழுவதும் அவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெறவே வாழ்ந்தார். கம்பனி மனிதருக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் மாறாத பண்போடு, நீங்கள் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை, ஆகவே சட்டப்படி சம்மதிக்கவும் இல்லை, கவலைப்பட வேண்டாம் என்றார். ஆர்லீன் வைத்த கையெழுத்து? என்று இவர் கேட்டார். அது அவர் தானாக வைத்தது. நீங்கள் என் பெயரைச் சொன்னீர்கள் அல்லவா? நீங்கள் சொன்னதைத்தான் சொன்னேன், அம்மா. ராஜி அக்கா தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஒருத்தரும் பிழை செய்யேல்லை. அப்ப அந்த மனிசியின்ரை வளவுக்கை என்னெண்டு பிழை வந்து நிக்குது?”

பிறகு வட டகோட்டாவிலிருந்த ஒரு சட்டத்தரணியைப் பிடித்தார். அவர் சொன்னது இன்னும் கொடியது. அந்தத் துளைக்குக் கீழே எத்தனையோ பங்குக்காரர்கள் இருக்கிறார்கள், பெரும்பாலானோர் கையெழுத்து வைத்துவிட்டார்கள், மிச்சமுள்ளவர்களை அரசு ஓர் உத்தரவால் சேர்த்துவிடும். உங்கள் மறுப்பு எதையும் நிறுத்தியிருக்காது. அவரை ஆறுதல்படுத்தவே அதைச் சொன்னார். நானும் அதையே பிடித்துக்கொண்டு, பாருங்கள் அக்கா, உங்களால் இல்லை, எப்படியும் நடந்திருக்கும் என்றேன். அப்போது அவர் சொன்னதை நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.

“நான் நிப்பாட்டியிருப்பன் எண்டு சொல்லேல்லை துஷி. நான் ஓம் எண்ட பட்டியலிலை இருந்திருக்க மாட்டன். அந்த மனிசி தோத்திருந்தாலும் தனிய நிண்டு தோத்திருக்காது. அவ்வளவுதான் எனக்கு ஏலுமாயிருந்தது. அதைத்தான் நான் ஒரு கோப்பி குடிச்சுக்கொண்டு குடுத்திட்டன்.”

வசந்தத்தில் அவருக்குக் கணையத்தில் நோய் என்று கண்டுபிடித்தார்கள். சத்திரசிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருந்தது. அவர் முதலில் கேட்டது எவ்வளவு நாள் என்று. அடுத்துக் கேட்டது, அமெரிக்காவுக்கு ஒரு உறுதி எழுதி முடிக்க அது காணுமா, போதுமா என்று. அடிக்காணியை ஆர்லீனின் பெயருக்கே மாற்றிவிடத் தீர்மானித்திருந்தார். துளை போனாலும் போகட்டும், தன் வீட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமையாவது அவருக்கு இருக்கட்டும் என்றார். “மேலும் கீழும் ஒருத்தியிட்டைச் சேரட்டும்.”

உறுதி தயாரானது. ராஜி அக்கா நீதிமன்றக் கட்டிடத்துக்கு நடந்துபோய், அத்தாட்சி முத்திரையோடு கையெழுத்து வைத்து அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வந்தது. அங்கே பதிவாளர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ராஜேஸ்வரி கையெழுத்து வைத்திருக்கிறார், ஆனால் ஆவணங்களில் நல்லதம்பி என்று இன்னொருவரும் காணப்படுகிறார், அவருடைய கையெழுத்து எங்கே?

நல்லதம்பி அவருடைய அப்பா. அகதியாக வந்திறங்கியபோது படிவத்தில் குடும்பப் பெயர் என்ற இடத்தில், நம் எல்லோரையும் போல, தகப்பன் பெயரை எழுதியிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு ஆர்னேயின் பெயர் வந்தது, சில தாள்களில் தகப்பன் பெயரும் தொடர்ந்தது. கட்டிலில் இருந்தபடியே அந்தக் குறிப்பை வாசித்து, இருமல் வரும்வரை சிரித்தார். “அப்பாவுக்கு அமெரிக்காவிலை காணி வந்திட்டுதடி. மனுசன் பண்டத்தரிப்பைத் தாண்டிப் போனதில்லை.” சிரித்து முடித்தபின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நல்லதம்பி ஒரு தனி மனிதர் அல்ல, அது அக்காவின் பெயரின் பாதி, என்று நிரூபிக்கும் கடதாசிகளைச் சேர்க்க இன்னும் ஆறு கிழமை போனது. அலுவலகம் அலுவலகமாக நான்தான் திரிந்தேன். இன்னும் வேகமாகத் திரிந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த இடைவெளியில் மேட்டு மரங்களை வெட்டினார்கள். ஆர்லீன் எங்களுக்கு ஒரு படம் அனுப்பினார். வானம் மட்டும் இருந்தது; அதுதான் படத்தின் விஷயம் என்று எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது. பாதை வந்தது. கனரக வண்டிகள் வந்தன. கிணற்றுத் தண்ணீரை ஆர்லீன் குடிப்பதை நிறுத்தியிருந்தார். அது கெட்டுவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை, கெடவில்லை என்றும் ஒருவரும் எழுதித் தரவில்லை. தண்ணீரை நகரத்திலிருந்து பிளாஸ்டிக் கான்களில் ஏற்றி வருவதாக எழுதியிருந்தார்.

ராஜி அக்காவை எல்லிங்ஸ்ருட் வீட்டிலிருந்து பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றினார்கள். அங்கே முதலில் ஆங்கிலம் அவரை விட்டுப் போனது. பிறகு, அவர் கனவுகூடக் கண்ட நோர்வேஜிய மொழி போனது. தமிழ் மட்டும் மிஞ்சியது. தாதிகள் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்காக எங்கள் முகவர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். பட்டியலில் முதல் பெயர் அவருடையதாகவே இருந்ததாம். அலுவலகத்துப் பெண் அதை எனக்குச் சொல்லிவிட்டு அழுதார். இரண்டாவது பெயர் என்னுடையது.

கடைசிக்கு முந்திய கிழமை, ஆர்லீனோடு பேச வேண்டும் என்று கேட்டார். இங்கே பிற்பகல், அங்கே காலை. தொலைபேசியைப் போர்வைமேல் வைத்து ஒலியைக் கூட்டினேன். எங்கள் தொழிலில் ஒரு கட்டாய விதி உண்டு. பேசுபவர் ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அவர் சொல்கிறார், இவர் சொல்கிறார் என்று விலகி நிற்கக் கூடாது. கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

“ஆர்லீன்,” என்றார் ராஜி அக்கா, “உங்கடை பின்வளவு இண்டைக்கு இப்பிடிக் கிடக்கிறதுக்கு என்ரை வாய்தான் காரணம். ஆர்னே உங்கடை மேசையிலை குடுத்த வாக்கை நான் காப்பாத்தேல்லை.”

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாய்தான் காரணம். நான் காப்பாற்றவில்லை.

மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “நான் மன்னிப்புக் கேக்க போன் எடுக்கேல்லை. கேட்டால் நீங்கள் ஓம் எண்டுதான் சொல்லுவியள். நல்ல மனிசர் அப்பிடித்தான் சொல்லுவினம். உங்களிட்டை இன்னுமொரு ஓம் வாங்க எனக்கு விருப்பமில்லை.”

அதையும் சொன்னேன். என் குரல் நடுங்கியது. நடுங்குவதும் கூட்டுவதுதான் என்று ராஜி அக்கா சொல்லியிருப்பார்.

மறுமுனையில், தூரத்தில் ஒரு இயந்திரம் விட்டுவிட்டு இரைந்தது. அது எங்கிருந்து இரைகிறது என்று மூன்று பேருக்கும் தெரியும். பிறகு ஆர்லீன், தனக்குக் கேட்டது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லவில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை.

“எனக்குக் கேட்டது” என்று தமிழில் சொன்னேன்.

ராஜி அக்கா கண்ணை மூடிக்கொண்டு, “காணும்” என்றார்.

திருத்திய உறுதி வந்துசேர்ந்தபோது கையெழுத்து வைக்கக் கூடிய நிலையில் அவர் இல்லை. ஆறு நாட்கள் கழித்து அந்தக் குறுஞ்செய்தி எனக்கு வந்தது.

அடிக்காணி இப்போது அவருடைய தம்பிக்குப் போகிறது. அவர் கெட்ட மனிதர் அல்ல. செத்தவீட்டுக்கு வந்து எல்லாக் காரியங்களையும் முறையாகச் செய்தார். நான் கடிதங்கள் எல்லாவற்றையும் தமிழாக்கிக் கொடுத்து, அக்காவின் விருப்பம் இதுதான் என்று சொன்னேன். பொறுமையாக வாசித்தார். பிறகு, கம்பனியோடு கதைத்துக் கையெழுத்து வைக்கப்போவதாகவும், தனக்கு இருபுறமும் தொந்தரவு வேண்டாம் என்றும் சொன்னார். “அக்கான்ரை காணியை நான் முதுசமாய் எடுப்பன், பிள்ளை. அவவின்ரை மனச்சாட்சியையும் சேர்த்து எடுக்கேலாது” என்றார். அவர் சொன்னதில் சட்டப்படி ஒரு பிழையும் இல்லை.

அன்றே ஆர்லீனுக்கு எடுத்துச் சொன்னேன். அவர் பங்கைப் பற்றிக் கேட்கவில்லை. ராஜேஸ்வரி என்ற பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, நான்கு தடவை சொல்லிப் பார்த்தார். நான்காவது தடவை ஏறத்தாழச் சரியாக வந்தது.

அவருடைய செவ்வாய்க்கிழமைகள் எனக்கு வந்திருக்கின்றன. அவருடைய சொற்கள் பலவும் வந்திருக்கின்றன. நான் கொச்சை என்று சொன்னவையும் அவற்றுள் இருக்கின்றன. ஆனால் என்னிடம் உண்மையில் தங்கியிருப்பது வேறு. ஒரு வேலை முடிந்ததும் மற்றவருடைய ‘நான்’ என்பதை மேசையிலேயே விட்டுவிட்டு எழும்பி வந்துவிடுவோம். இத்தனை வருடங்களில் ஆயிரம் பேருடைய ‘நான்’ என்பதைச் சொல்லியிருப்பேன்; ஒன்றும் என்னோடு வீட்டுக்கு வந்ததில்லை. அன்று பிற்பகல் போர்வைமேல் இருந்த தொலைபேசியைப் பார்த்து, என் வாய்தான் காரணம், நான் காப்பாற்றவில்லை என்று சொன்ன அந்த ‘நான்’ மட்டும் வந்துவிட்டது. அதை ஏற்க வேண்டியவர் ஏற்கவில்லை, வைத்திருந்தவர் போய்விட்டார். நடைமேடையில் பக்கத்தில் நின்று சிரித்தவள் நான். அது என்னிடமே இருக்கட்டும்.